தரவுத்தளச் சர்வரும் அதன் வழிகாட்டிச் சேவையும்

திருவனந்தபுரம் சென்ட்ரல் இரயில் நிலையத்தில் நாகர்கோவில் செல்லும் வண்டியை எதிர்நோக்கி நிற்கும் பயணிக்கு இரண்டு செய்திகள் தெரிந்தாக வேண்டும். வண்டி ஓடுகிறதா என்பது ஒன்று. அது எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் என்பது மற்றொன்று. வழக்கமாக ஒரு பிளாட்பாரத்திற்கு வரும் வண்டி, அவ்விடத்தில் வேறொரு வண்டி நிற்குமாயின், மற்றொரு பிளாட்பாரத்திற்குத் திருப்பப்படுவதுண்டு. ஒரு நாள் ஒலிபெருக்கியும் அறிவிப்புப் பலகையும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். வண்டி உரிய நேரத்தில் வந்து நிற்கிறது. ஆயினும் பயணி அதனைத் தவற விடுகிறார். வண்டியிலும் பழுதில்லை, தண்டவாளத்திலும் பழுதில்லை. அறிவிப்பு மட்டுமே நின்றுபோயிற்று.

இந்நாளில் அரசாங்கக் காரியாலயங்களிலும் கல்விச்சாலைகளிலும் அடிக்கடி நேரும் கணினிக் கோளாறு ஒன்று இதனை முற்றிலும் ஒத்தது. தலைமைக் காரியாலயத்தில் உள்ள தரவுத்தளச் சர்வர் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும். கிளைக் காரியாலயத்தில் உள்ள ஊழியருக்கோ “சர்வரைக் காண இயலவில்லை” என்ற செய்தி திரையில் தோன்றும். சர்வர் அழிந்துவிட்டது என்று அவர் அஞ்சுவார். சில சமயங்களில் அவ்வச்சத்தின் காரணமாகச் சர்வர் மென்பொருள் நீக்கப்பட்டு மறுபடியும் நிறுவப்படுவதும் உண்டு. பழுதில்லாத சர்வர் அப்பொழுதுதான் உண்மையாகவே பழுதடைகிறது. பல மாதங்களாகச் சேர்த்த பதிவுகளும் அதனுடன் மறையக்கூடும். ஆகவே இக்கோளாற்றின் தன்மையை அறிந்து வைத்திருத்தல் பதிவுகளைக் காக்கும் பணியின் ஒரு பகுதியேயாகும்.

கேரள மாநிலத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மாநிலத் தரவு மையங்கள் திருவனந்தபுரத்தில் அமைந்துள்ளன. கேரள மாநிலப் பரந்த வலையமைப்பு, திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு ஆகிய மூன்று நகரங்களை மையமாகக் கொண்டு 14 மாவட்டங்களுக்கும் 152 வட்டாரப் பஞ்சாயத்துகளுக்கும் கிளை விரிக்கிறது. காசர்கோட்டில் அமர்ந்திருக்கும் ஊழியர் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ள கணினியை நாடவேண்டியிருக்கிறது. சர்வர் இருக்கும் அறைக்குச் சென்று நேரில் பார்க்கும் வசதி அவருக்கு இல்லை. தம் திரையில் தோன்றும் குறிகளைக் கொண்டே அவர் பழுதின் இடத்தை ஊகித்தறிய வேண்டும்.

சர்வர், இன்ஸ்டன்ஸ், வாயில் எண்

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. எண் என்னும் முகவரி உண்டு. ஆனால் ஒரே கணினியில் அஞ்சல், இணையப் பக்கம், தரவுத்தளம் எனப் பல சேவைகள் ஒரே சமயத்தில் நடைபெறலாம். வந்து சேரும் செய்தி எந்தச் சேவைக்கு உரியது என்று பிரித்தறிவதற்காக ஒவ்வொரு சேவைக்கும் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. இது ‘போர்ட்’ எனப்படும். இங்கு இதனை வாயில் எண் என்று குறிப்போம். ஐ.பி. எண் கட்டடத்தின் முகவரி எனில், வாயில் எண் அக்கட்டடத்தில் உள்ள அறையின் எண்ணாகும்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இதற்கு வழக்கமான வாயில் எண் 1433. ஒரு கணினியில் இம்மென்பொருள் ஒரு முறை மட்டும் நிறுவப்பட்டிருப்பின் சிக்கல் எதுவும் இல்லை. நாடி வருபவர் 1433 என்ற வாயிலைத் தட்டினால் போதும்.

2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு புதிய வசதி ஏற்பட்டது. அது முதல், ஒரே கணினியில் இம்மென்பொருளின் பல இயக்கங்களைத் தனித்தனிப் பெயருடன் நடத்த முடிந்தது. அவ்வாறு தனியே இயங்கும் ஒவ்வொன்றும் ‘இன்ஸ்டன்ஸ்’ எனப்படும். சம்பளக் கணக்கிற்கு ஒன்று, நூலகத்திற்கு ஒன்று, மாணவர் பதிவேட்டிற்கு ஒன்று என வைத்துக்கொள்ளலாம். 1433 என்ற வாயிலில் ஓர் இன்ஸ்டன்ஸ் மட்டுமே அமர முடியும். பெயரிடப்பட்ட மற்ற இன்ஸ்டன்ஸ்கள், வேறு ஏற்பாடு செய்யப்படாவிடின், தாம் முதன்முதலில் இயங்கத் தொடங்கும்பொழுது காலியாக உள்ள ஏதேனும் ஒரு வாயிலைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த முறை தொடங்கும்பொழுதும் அதே வாயிலையே நாடும். அதனை வேறொரு மென்பொருள் பிடித்துக்கொண்டிருப்பின் புதிய வாயிலுக்கு மாறிவிடும். இரயில் நிலையத்தில் பிளாட்பாரம் மாறுவது போன்றதே இது.

வழிகாட்டிச் சேவை செய்வது யாது?

வாயில் மாறக்கூடியது எனில், தொலைவில் உள்ளவர் அதனை எங்ஙனம் அறிவார்? இதற்காக ஏற்பட்டதே ‘எஸ்.கியூ.எல். சர்வர் பிரௌசர்’ என்னும் துணைச் சேவை. இது தரவுகளைத் தொடுவதில்லை, கடவுச்சொல்லைச் சோதிப்பதில்லை, பதிவுகளைத் தேடித் தருவதில்லை. “இப்பெயருள்ள இன்ஸ்டன்ஸ் எந்த வாயிலில் இருக்கிறது?” என்று கேட்பவருக்கு அந்த எண்ணைச் சொல்வதே இதன் முதன்மையான வேலை.

இச்சேவை 1434 என்ற வாயிலில் காத்திருக்கிறது. இங்கு நிகழும் கேள்வி பதில் ‘யு.டி.பி.’ முறையைச் சார்ந்தது. இம்முறை அஞ்சலட்டை எழுதுவதை ஒக்கும். அட்டையைப் பெட்டியில் இட்டபின், அது சேர்ந்ததா இல்லையா என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது. பதில் வந்தால் சேர்ந்தது என்று அறியலாம். வாராவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தரவுத்தளத்துடன் நடைபெறும் உரையாடலோ ‘டி.சி.பி.’ என்னும் வேறு முறையைச் சார்ந்தது. அது தொலைபேசியில் பேசுவது போன்றது. மறுமுனையில் ஒருவர் எடுத்தால்தான் பேச்சுத் தொடங்கும்.

ஊழியரின் கணினி, சர்வரின் பெயர், பின்சாய்கோடு, இன்ஸ்டன்ஸின் பெயர் என்ற வரிசையில் முகவரியைப் பெற்றவுடன், முதலில் 1434க்குக் கேள்வி அனுப்புகிறது. பதிலில் வரும் வாயில் எண்ணைக் கொண்டு இரண்டாவதாகத் தரவுத்தளத்தை அழைக்கிறது. இணைப்பு ஏற்பட்டபின் வழிகாட்டிக்கு வேலை இல்லை. பயணி வண்டியில் ஏறி அமர்ந்தபின் ஒலிபெருக்கி நின்றாலும் பயணம் தடைப்படுவதில்லை அல்லவா?

சேவை நின்றால் காணப்படும் குறிகள்

மேற்கூறிய ஏற்பாட்டை மனத்திற் கொண்டால், வழிகாட்டிச் சேவை நின்றபொழுது தோன்றும் வியப்பான காட்சிகள் யாவும் எளிதில் விளங்கும்.

முதலாவது, ஏற்கெனவே இணைந்திருக்கும் கணினிகள் தொடர்ந்து வேலை செய்யும். புதிதாக இணைய முயல்பவை மட்டும் தோல்வியுறும். காலையிலேயே மென்பொருளைத் திறந்து வைத்த எழுத்தர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த மேசையில் நண்பகலில் வந்தமர்ந்தவருக்குக் கதவு திறவாது.

இரண்டாவது, சர்வர் இருக்கும் கணினியிலேயே அமர்ந்து முயல்பவருக்கு இணைப்புக் கிடைத்துவிடும். ஒரே கணினிக்குள் இருக்கும் மென்பொருள்கள் நினைவகத்தின் வழியாகவே பேசிக்கொள்ள இயலும். அங்கே வழிகாட்டி தேவையில்லை. ஆகவே தலைமைக் காரியாலயத்தார் “இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது” என்பர். கிளைக் காரியாலயத்தார் “இங்கே எதுவும் கிடைக்கவில்லை” என்பர். இருவர் கூற்றும் உண்மையே. இதனை உணராமையால் விளையும் வீண் வாதங்கள் பல.

மூன்றாவது, 1433 என்ற வழக்கமான வாயிலில் இருக்கும் இன்ஸ்டன்ஸிற்குத் தடை ஏற்படுவதில்லை. பெயரிடப்பட்ட இன்ஸ்டன்ஸ்கள் மட்டுமே எட்டாமற்போகும். ஒரே கணினியில் ஒரு தரவுத்தளம் கிடைக்க, மற்றொன்று கிடைக்காமற்போவது இதனாலேயாகும்.

நான்காவது, திரையில் தோன்றும் பிழைச் செய்தியில் 26 என்ற எண் காணப்படும். குறிப்பிட்ட சர்வரையோ இன்ஸ்டன்ஸையோ கண்டறிய இயலவில்லை என்பது அதன் பொருள். அஞ்சலட்டைக்குப் பதில் வரவில்லை என்பதே அது சொல்லும் செய்தி. பதில் வாராமைக்கு வழிகாட்டிச் சேவை நின்றிருப்பது ஒரு காரணம். இடையில் உள்ள ஃபயர்வால் 1434ஐத் தடுத்திருப்பது இரண்டாவது காரணம். சர்வரின் பெயரோ இன்ஸ்டன்ஸின் பெயரோ பிழையாக எழுதப்பட்டிருப்பது மூன்றாவது காரணம். இவற்றுள் எது என்பதனைச் சோதித்தே அறிதல் வேண்டும்.

சேவை ஏன் நிறுத்தப்படுகிறது?

இத்துணைப் பயனுள்ள சேவையை ஏன் நிறுத்த வேண்டும் என்ற வினா எழலாம். பல இடங்களில் இது தற்செயலாக நின்றதன்று. பாதுகாப்புக் கருதி வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது. இதன் பின்னணியில் கணினி உலகம் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி ஒன்று உண்டு.

2003ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி, குடியரசு தினத்திற்கு முந்தைய நாளான சனிக்கிழமை, இந்திய நேரப்படி முற்பகல் 11 மணியளவில், ‘ஸ்லாமர்’ என்று பின்னர் பெயர் பெற்ற கணினிப் புழு ஒன்று இணையத்தில் பரவத் தொடங்கிற்று. அது நுழைந்த வாயில் இந்த 1434ஏயாகும். அக்காலத்தில் வழிகாட்டும் வேலை தனிச் சேவையாக இராமல், 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் சர்வருக்குள்ளேயே அடங்கியிருந்தது. வந்த கேள்வி அளவிற்கு மீறி நீண்டிருப்பின் அதனைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு அதில் குறைவாக இருந்தது. இக்குறையைப் பயன்படுத்தி, கேள்வி போன்ற தோற்றத்தில் வந்த ஒரே செய்தி, சர்வரின் நினைவகத்தில் புகுந்து, அங்கிருந்து தன்னைப் போன்ற செய்திகளை உலகெங்கும் வாரியிறைத்தது.

அப்புழுவின் முழு அளவு 376 பைட்டுகளே. யு.டி.பி. முறையில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லையாதலால் அது அளவற்ற வேகத்தில் பெருகிற்று. தொடக்கத்தில் ஏறக்குறைய எட்டரை வினாடிகளுக்கு ஒரு முறை பாதிக்கப்பட்ட கணினிகளின் தொகை இரு மடங்காயிற்று. பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்த கணினிகளுள் பெரும்பாலானவை பத்து நிமிடங்களுக்குள் அதன் வசப்பட்டன. குறைந்தது 75,000 கணினிகள் இவ்வாறு பீடிக்கப்பட்டன என ஆய்வாளர் கணக்கிட்டனர். தென்கொரியாவில் இணையப் போக்குவரத்து முடங்கிற்று. அமெரிக்காவில் வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்களும் விமானப் பயணச் சேவைகளும் இடர்ப்பட்டன. அப்புழு எந்தப் பதிவையும் அழிக்கவில்லை. வட்டில் தன்னை எழுதிக்கொள்ளவும் இல்லை. வழிகளை நிறைத்து அடைத்ததே அது செய்த தீங்கு.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. குறையை நீக்கும் திருத்தம் 2002ஆம் ஆண்டு ஜூலை மாதமே வெளியிடப்பட்டிருந்தது. ஆறு மாதம் கழிந்தும் பலர் அதனைப் பொருத்தவில்லை. வேறு மென்பொருள்களுடன் சேர்ந்து இச்சர்வரின் சிறு வடிவம் தங்கள் கணினியில் நிறுவப்பட்டிருந்ததைச் சிலர் அறியவேயில்லை.

இந்நிகழ்ச்சிக்குப்பின், 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் வழிகாட்டும் வேலை சர்வரினின்று பிரிக்கப்பட்டுத் தனிச் சேவையாக்கப்பட்டது. சர்வரை நிறுத்தாமலே வழிகாட்டியை மட்டும் நிறுத்திவைக்க இதனால் முடிகிறது. தேவையில்லாத வாயிலைத் திறந்து வைக்கலாகாது என்ற கொள்கைப்படி நிர்வாகிகள் பலர் அதனை நிறுத்தியே வைக்கின்றனர். நாடுகின்றவருக்கு வாயில் எண்ணைத் தெரிவியாமல் வழிகாட்டியை மட்டும் நிறுத்தும்பொழுதுதான் கோளாறு பிறக்கிறது.

சோதிக்கும் முறை

கோளாறு நேர்ந்தவுடன் கீழ்க்கண்ட வரிசையில் சோதித்தல் நலம். ஒவ்வொரு படியும் பழுதின் இடத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கிக் காட்டும்.

1. பிழைச் செய்தியை எண்ணுடன் முழுமையாக எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் கணினியில், எந்த நேரத்தில், எவருடைய பெயரில் முயன்றபொழுது தோன்றியது என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். “வேலை செய்யவில்லை” என்று மட்டும் தெரிவிப்பதால் மறுமுனையில் உள்ளவருக்குப் பயனில்லை.

2. வேறு கணினிகளில் நிலைமை என்ன என்று வினவ வேண்டும். எவருக்கும் கிடைக்கவில்லையா, புதிதாக இணைபவருக்கு மட்டும் கிடைக்கவில்லையா, ஒரே ஒரு கணினிக்கு மட்டும் கிடைக்கவில்லையா என்பது முக்கியம். ஒரே கணினி எனில் பழுது அக்கணினியில் இருக்கவே வாய்ப்பு மிகுதி.

3. சர்வரின் பெயருக்குப் பதிலாக அதன் ஐ.பி. எண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணுக்கு இணைப்புக் கிடைத்துப் பெயருக்குக் கிடைக்காவிடின், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில் பழுது உள்ளது. அதுவும் ஒரு துணைச் சேவையே. அது நின்றாலும் சர்வர் நலமாகவே இருக்கும். ‘பிங்’ கட்டளைக்கு மறுமொழி வாராமை மட்டும் பழுதிற்குச் சான்றாகாது. பல வலையமைப்புகளில் அதற்கு மறுமொழி கூறாதிருக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும்.

4. சர்வர் அறையில் உள்ளவரிடம் சேவைகளின் பட்டியலைத் திறந்து இரண்டினைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தரவுத்தள இன்ஸ்டன்ஸ் இயங்குகிறதா? பிரௌசர் சேவை இயங்குகிறதா? முன்னது இயங்கிப் பின்னது நின்றிருப்பின் பழுதின் இடம் பெரும்பாலும் தெரிந்துவிட்டது எனலாம்.

5. இன்ஸ்டன்ஸ் அமர்ந்துள்ள வாயில் எண்ணை அறிய வேண்டும். சர்வர் தொடங்கும்பொழுது எந்த வாயிலில் காத்திருக்கிறது என்பதனைத் தன் பிழைப் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. கான்ஃபிகரேஷன் மானேஜர் என்னும் அமைப்புக் கருவியில் டி.சி.பி. பகுதியிலும் இவ்வெண்ணைக் காணலாம். சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பில் டி.சி.பி. முறையே தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாறு அணைந்திருப்பின் வெளியிலிருந்து வரும் டி.சி.பி. அழைப்பு எதற்கும் விடை கிடையாது.

6. கிளைக் காரியாலயத்திலிருந்து சர்வரின் பெயர், காற்புள்ளி, வாயில் எண் என்ற வடிவில் முகவரி கொடுத்து இணைய முயல வேண்டும். பெயருக்கும் எண்ணுக்கும் இடையே வரவேண்டியது காற்புள்ளி. இணைய முகவரிகளில் உள்ள பழக்கத்தால் பலர் முக்காற்புள்ளி இட்டுத் தோல்வியுறுகின்றனர். வாயில் எண் கொடுக்கப்பட்டால் கணினி வழிகாட்டியைக் கேட்பதேயில்லை. பிளாட்பாரம் தெரிந்தவர் நேரே நடந்து செல்வதை இது ஒக்கும்.

இந்த ஆறாவது படியின் விளைவு நான்கு வகைப்படும். இணைப்புக் கிடைத்துவிட்டால், சர்வரும் வழியும் நலம். வழிகாட்டி மட்டுமே இல்லை. 10061 என்ற எண் தோன்றினால், கணினி வரை செய்தி சென்றுவிட்டது. அந்த வாயிலில் எவரும் இல்லை என்று மறுப்பு வந்திருக்கிறது. எண் தவறாக இருக்கலாம், அல்லது இன்ஸ்டன்ஸ் நின்றிருக்கலாம். 10060 என்ற எண்ணுடன் நெடுநேரம் கழித்துத் தோல்வி தோன்றினால், இடையில் உள்ள ஃபயர்வால் செய்தியை விழுங்கியிருக்கலாம், அல்லது பாதையே அறுந்திருக்கலாம். 18456 என்ற எண் தோன்றினால், வலையமைப்பில் குறை எதுவும் இல்லை. பயனரின் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. இந்த நான்காம் நிலையில் வலையமைப்பை ஆராய்வது வீண் உழைப்பாகும்.

டி.சி.பி. வாயில் திறந்துள்ளதா என்று பார்க்க டெல்நெட் போன்ற கட்டளைகள் உதவும். ஆனால் வழிகாட்டியின் 1434 யு.டி.பி. வாயிலாதலால் டெல்நெட்டைக் கொண்டு அதனைச் சோதிக்க இயலாது. இச்சோதனையில் தோல்வி கண்டு வழிகாட்டி நின்றுவிட்டது என்று முடிவு செய்வது பிழை.

இரு பரிகாரங்கள்

பழுதின் இடம் உறுதியானபின் செய்யத்தக்கவை இரண்டு. எதனைக் கொள்வது என்பது சர்வரின் பொறுப்பாளர் முடிவு செய்ய வேண்டியது.

முதற் பரிகாரம் வழிகாட்டிச் சேவையை மீண்டும் தொடங்குவது. கணினி மறுபடி தொடங்கும்பொழுது சேவையும் தானே தொடங்குமாறு அமைத்தல் வேண்டும். இல்லாவிடின் அடுத்த மின்தடைக்குப்பின் அதே கோளாறு திரும்பவும் தோன்றும். ஃபயர்வாலில் 1434 யு.டி.பி. வாயிலை உள் வலையமைப்பிற்கு மட்டுமே திறக்க வேண்டும். வெளி இணையத்திற்கு அதனை ஒருபொழுதும் திறக்கலாகாது. பல இன்ஸ்டன்ஸ்கள் அடிக்கடி சேர்க்கப்படும் பயிற்சிக்கூடங்களுக்கு இம்முறை வசதியானது.

இரண்டாவது பரிகாரம், வழிகாட்டியை நிறுத்தியே வைத்து, இன்ஸ்டன்ஸிற்கு நிலையான வாயில் எண் கொடுப்பது. அமைப்புக் கருவியில் மாறும் வாயிலுக்குரிய கட்டத்தை வெறுமையாக்கி, நிலையான வாயிலுக்குரிய கட்டத்தில் தேர்ந்த எண்ணை எழுத வேண்டும். அக்கட்டத்தில் சுழியம் இருந்தால் வாயில் மாறிக்கொண்டேயிருக்கும். ஆகவே சுழியத்தையும் நீக்கிவிட வேண்டும். விண்டோஸ் கணினிகள் தற்காலிகத் தேவைகளுக்கு 49152 முதல் 65535 வரை உள்ள எண்களை எடுத்துக்கொள்கின்றன. மோதலைத் தவிர்க்க இவ்வரம்பிற்கு வெளியே எண்ணைத் தேர்தல் நலம். இன்ஸ்டன்ஸ் மறுபடி தொடங்கப்பட்ட பின்னரே மாற்றம் நடைமுறைக்கு வரும்; ஆதலால் இதனைக் காரியாலய நேரத்திற்குப்பின் செய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கிளைக் கணினியிலும் இணைப்பு முகவரியில் வாயில் எண்ணைச் சேர்க்க வேண்டும். சம்பளம், கருவூலம், மாணவர் பதிவு போன்ற நிலையான பணிகளுக்கு இம்முறையே ஏற்றது.

எம்முறையைக் கொண்டாலும், சர்வரின் பெயர், ஐ.பி. எண், இன்ஸ்டன்ஸின் பெயர், வாயில் எண், வழிகாட்டியின் நிலை, பொறுப்பாளரின் பதவி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கிளைக் காரியாலயங்களில் வைத்தல் இன்றியமையாதது. கடவுச்சொல்லை அத்தாளில் எழுதலாகாது.

செய்யத்தகாதவை

சர்வர் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுதல் இக்கோளாற்றிற்குப் பரிகாரமன்று. நகல் எடுக்காமல் தரவுக் கோப்புகளை இடம் மாற்றுதலும் ஆபத்தானது. “சிறிது நேரத்திற்கு மட்டும்” என்று கூறி ஃபயர்வால் முழுவதையும் அணைத்துவிடும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அவ்வாறு அணைக்கப்பட்டது பின்னர் மறக்கப்படுகிறது. ஸ்லாமர் பரவியதற்குத் தேவைப்பட்ட நேரம் சில நிமிடங்களே என்பதனை இங்கு நினைவு கூர்தல் தகும். அனைத்தையும் ஆளும் நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கிளைக் காரியாலயத்திற்குச் சொல்வதும் கூடாது. வாயில் தெரியாத சிக்கலுக்குச் சாவியைக் கொடுப்பதால் பயன் விளையாது.

பிற தரவுத்தளங்களில்

இதனையொத்த நிலை வேறு தரவுத்தளங்களிலும் உண்டு. ஆரக்கிள் தரவுத்தளத்தில் ‘லிஸனர்’ என்னும் துணைச் சேவை 1521 என்ற வாயிலில் காத்திருந்து, வருபவரைத் தரவுத்தளத்திடம் ஒப்படைக்கிறது. அது நின்றால் 12541 என்ற எண்ணுடன் பிழை தோன்றும். அங்கும் ஏற்கெனவே இணைந்தவர்களுக்குத் தடையில்லை, புதியவர்களே தடுக்கப்படுவர். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகியவற்றில் இத்தகைய தனி வழிகாட்டி இல்லை. அவை முறையே 5432, 3306 என்ற வழக்கமான வாயில்களில் நேரே அழைப்பை ஏற்கின்றன. ஆயினும் பெயரை எண்ணாக்கும் டி.என்.எஸ். சேவையின் உதவி அவற்றிற்கும் பெரும்பாலும் தேவைப்படுகிறது. ஆகவே எந்தத் தரவுத்தளமாயினும், பெயரால் கிடைக்காதது எண்ணால் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பது பொது விதியாகக் கொள்ளத்தக்கது.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனை

ஆசிரியர்கள் இக்கருத்தைக் கணினி இல்லாமலே மாணவருக்கு விளக்கலாம். ஐந்து மாணவரை எண்ணிட்ட இருக்கைகளில் அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ‘நூலகம்’, ‘சம்பளம்’, ‘தேர்வு’ போன்ற பெயர் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு முன் ஒரு திரைச்சீலையைக் கட்டிவிட்டால், வெளியில் இருப்பவருக்கு இருக்கை எண்கள் மட்டுமே தெரியும். வாயிலில் ஒரு மாணவர் பெயரும் இருக்கை எண்ணும் கொண்ட பட்டியலுடன் நிற்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மாணவர்கள் அவரிடம் பெயரைச் சொல்லி, எண்ணைப் பெற்று, உரிய இருக்கையை நாடிச் செல்வர். சில நிமிடங்களுக்குப்பின் பட்டியலுடன் நிற்பவரை வெளியே அனுப்பிவிட வேண்டும். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர் தொடர்ந்து பேசுவதையும், எண் அறிந்தவர் நேரே செல்வதையும், பெயர் மட்டும் அறிந்தவர் வாயிலிலேயே நிற்பதையும் மாணவர் கண்கூடாகக் காண்பர். பின்னர் திரைக்குப் பின்னால் இரு மாணவரை இடம் மாற்றி அமர்த்தினால், பழைய எண்ணை நம்பி வந்தவர் தவறான இடத்திற்குச் செல்வார். நிலையான எண்ணின் அவசியம் அப்பொழுது தானே விளங்கும்.

சோதனையின் முடிவில் ஆசிரியர் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. வாயிலில் இருந்த மாணவர் சென்றபின், உள்ளே இருந்த ஐவருள் எவரேனும் தம் வேலையைச் செய்ய இயலாதவராயினரா? இல்லை என்று மாணவர் விடை கூறுவர். ஒரு காரியாலயத்தில் “சர்வரைக் காணவில்லை” என்ற செய்தி தோன்றும் நாளில், அங்குள்ள ஊழியரும் இவ்வினாவையே முதலில் எழுப்பிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் பொறுத்து வாயில் எண்ணை விசாரித்து அறியும் ஊழியர், ஒரு மாவட்டத்தின் சம்பளப் பட்டியலையோ ஒரு பள்ளியின் பத்தாண்டுப் பதிவேட்டையோ காத்தவராவார்.